பிற

கோப்பில் பாலம் என்றுதான் இருக்கிறது.
பதினொரு தப்படி.
நான் பரமக்குடிக்காரன்,
நீளப் பாலத்தின் கீழே
லாரி கழுவக்கூடத் தண்ணீர் நில்லாத ஊர்.
இங்கே முழங்கால் ஆழ வாய்க்கால்
இரவு பகலாய்ப் பேசிக்கொண்டு போகிறது.
மேலே ஒரு கல்வளைவு,
பாதியில் நின்றுவிட்ட கொட்டாவி.

வெள்ளைக்காரன் வெட்டியதாம்.
மலை விட்ட வழியில் இல்லை,
ரசமட்டம் வைத்து
அவன் சொன்ன வழியில்,
பீர் காய்ச்சும் ஆலைக்கு.
ஆலை எங்கே என்றால்
போஜன் தேயிலைச் சரிவைக் கைகாட்டுகிறார்.
காய்ச்சியவனும் போனான், குடித்தவனும் போனான்.
தண்ணீரிடம் மட்டும்
யாரும் சொல்லவில்லை.

உச்சிக்கல்லில் 18 வரை படிக்கலாம்.
அடுத்த இரண்டு எண்ணைப் பாசி தின்றுவிட்டது.
'கட்டிய ஆண்டு' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.
'தாங்கும் எடை'யை அப்படியே விட்டேன்.

இதை இடித்துப் பெட்டிப்பாலம் போடலாமா என்று
இருபத்துநான்கு மணி நேரம் எண்ணச் சொல்லி உத்தரவு.
இருசக்கரம். இலகு. கனரகம். பாதசாரி. பிற.
குரங்குக் குல்லாய், ஒரு பிளாஸ்க்,
மை உறைந்து எழுதாத பேனா.
போஜன் தன் வீட்டிலிருந்து
பென்சில் கொண்டுவந்து தந்தார்,
பள்ளிக்கூடப் பென்சில், பின்பக்கம் கடித்தது.

இரவு இரண்டுக்கு கேதி பாலாடா விழித்துக்கொள்கிறது.
நெற்றியில் விளக்கு கட்டி
கேரட் பிடுங்கப் போகிறவர்கள்,
ஒரு விளக்குக்கு ஒரு கோடு.
புவனலோஜினி நின்று கேட்டாள்:
"போகையில வெறுங்கை சார்,
வரையில தலையில மூட்டை.
ரெண்டுக்கும் ஒரே கோடா?"
ஒரே கோடுதான் என்றேன்.
"அப்ப சரி" என்று போனாள்.
எது சரி என்று
இன்னும் எனக்குப் புரியவில்லை.

சகாயநாதன் பிக்கப்பைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி
சுமை ஏற்றும் பையன்கள் நாலு பேரை இறக்கினான்.
"பாவம், பழைய பாலம்."
இரண்டு டன் கேரட்டோடு
தனியாக அக்கரை போய்
அவர்களை மறுபடி ஏற்றிக்கொண்டான்.
கனரகம் ஒன்று, பாதசாரி நான்கு.

மூன்று நாற்பது.
முதலில் மூச்சு வந்தது. பிறகு குளம்பு.
பேப்பரில் காட்டெருமை என்று போடுவார்கள்,
இங்கே காட்டுமாடு.
முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ்,
மேற்பார்வைக்குத் திரும்பி வந்த துரை மாதிரி
நட்டநடு வளைவில் நின்றது.
டார்ச்சை அணைத்தேன். தைரியத்தால் அல்ல.
கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பை நக்கும் சத்தம்,
கரகரவென்று,
நெடுநேரம்.
ஒரு காலை அழுத்தி ஊன்றியது.
எங்கிருந்தோ ஒரு கல் பெயர்ந்து
டொப்.
வாய்க்கால் ஒரு சொல் விழுங்கிவிட்டு
விட்ட இடத்திலிருந்து பேசியது.

பின்னால் கூட்டம்.
பனியில் உருவம் தெரியவில்லை.
குளம்பொலியை எண்ணி நான்கால் வகுத்தேன்.
ஏழு, மீதி இரண்டு.
அந்த இரண்டு என் கால்களாக இருக்கும்,
எழுந்து நின்றிருக்கிறேன் போல.

காலையில் போனில் உதவிப் பொறியாளர் கேட்டார்:
"பிற ஏழா? பிறன்னா என்னய்யா, மாட்டுவண்டியா?"
மாடுதான் சார், வண்டி இல்லை என்றேன்.
"எடை?"
இறங்கித்தான் பார்க்கணும் என்று வைத்துவிட்டேன்.

இறங்கினேன். பேன்ட்டைச் சுருட்டி,
கால் மரத்துப்போகும் தண்ணீரில்
விழுந்த கல்லைத் துழாவினேன்.
எல்லாக் கல்லும் விழுந்த கல் போலவே இருந்தது.
தலைக்கு மேலே ஒரு ஸ்கூட்டர் போனது,
அதை எண்ணவில்லை.
மேலே எங்கோ கழுவுகிறார்கள்.
செம்மண் கலங்கி வந்தது, தெளிந்தது,
பிறகு ஒரு கேரட்
தரையோடு உருண்டு
என் கணுக்காலில் முட்டி, விலகி,
வளைவுக்குள் நுழைந்து போனது
ஆலையைப் பார்த்து.